ஒன்பதாவதற்கு முன்னால் எட்டு இருக்கின்றன

மே 12, 2019, ஞாயிறு. பிராக்

ஒன்பது டிகிரி. மே மாதத்துப் பிராக் இதமாக இருக்கும் என்று யாரோ எழுதியதை நம்பி மெல்லிய சால்வையோடு கிளம்பி வந்த அக்கா, விமான நிலையத்தின் வாசலிலேயே என்னை முறைக்கத் தொடங்கிவிட்டாள். முதல் வேலையாகக் கம்பளித் தொப்பி வாங்கினோம். 350 கொருனா. வங்கியில் முப்பது வருடம் குப்பை கொட்டியவள் அல்லவா, மூன்றால் பெருக்கி ரூபாயில் சொல்லாமல் பையிலிருந்து காசை எடுக்க மாட்டாள்.

இந்த ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக் பெயரைச் சொல்லி வாயெடுத்தால் எல்லாரும் ஒரே மெட்டைத்தான் முணுமுணுக்கிறார்கள். அவருடைய ஒன்பதாவது சிம்பொனியின் இரண்டாம் பகுதியில் இங்கிலீஷ் ஹார்ன் என்ற குழல் வாத்தியம் வாசிக்கும் மெட்டு. விடுதி வரவேற்பில் இருந்த பெண் முணுமுணுத்தாள். பழைய நகரச் சதுக்கத்துக் கடையில் தீப்பெட்டி அளவில் ஓர் இசைப்பெட்டி இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் அதுவும் அதையே பாடுகிறது. 190 கொருனா. அக்கா அதை இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நன்றாக இருக்கிறதே, இதை விட்டுவிட்டு நீ எதைத் தேடி வந்திருக்கிறாய்?” என்றாள்.

தேடி வந்தது முதல் ஆறு சிம்பொனிகளை. ட்வோர்ஷாக் எழுதிய சிம்பொனிகள் ஒன்பது. மேடைகளில் திரும்பத் திரும்ப ஒலிப்பவை கடைசி மூன்று. அவற்றிலும், 1893 டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறிய ‘புதிய உலகிலிருந்து’ மற்ற எட்டையும் ஓரங்கட்டிவிட்டது. முதல் நான்கும் அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறவே இல்லை. ஆகவே ஆறாவது ‘முதலாவது’ என்ற எண்ணோடு வெளிவந்தது, ஐந்தாவது ‘மூன்றாவது’ ஆனது, ஒன்பதாவது பல பத்தாண்டுகள் ‘ஐந்தாவது’ என்றே வழங்கியது. பழைய இசைத்தட்டு உறைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குழப்பம் தெரிந்திருக்கும். நடத்துநர் இஷ்த்வான் கெர்ட்டேஸ் 1960களில் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு ஒன்பதையும் பதிவு செய்தார். அந்தத் தொகுப்பைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அந்த ஆறின் மேல் தனிப் பிரியம். அவை எழுதப்பட்ட இடங்களில் கால் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இன்று இன்னொரு செக் இசையமைப்பாளரான ஸ்மெடனாவின் நினைவு நாள். ‘பிராக் வசந்தம்’ இசைவிழா வழக்கம்போல அவருடைய ‘என் தாய்நாடு’ தொகுப்போடு தொடங்குகிறது. நகராட்சி மாளிகை வாசலில் கறுப்புக் கோட்டும் முத்து மாலையுமாகக் கூட்டம். வேடிக்கை பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனோம். எனக்கு ஸ்விச்கோவா: மாட்டிறைச்சித் துண்டுகள், கேரட்டும் செலரிக் கிழங்கும் அரைத்த பாலாடைக் குழம்பு, மேலே எலுமிச்சை வில்லை, ஒரு கரண்டி புளிப்புப் பழ ஜாம், அதன் மேல் பாலேடு. 175 கொருனா. அக்கா சைவம். சைவம் என்று சொன்னவுடன் பரிசாரகர் யோசிக்காமல் பொரித்த சீஸ் என்றார்.

மே 13, திங்கள். நெலஹோசெவெஸ்

பிராகிலிருந்து வடக்கே, வல்டாவா ஆற்றை ஒட்டியே ஓடும் ரயிலில் முக்கால் மணி நேரம். நிலையத்தில் இறங்கியவர்கள் நாங்கள் இருவரும் ஒரு நாயும் அதன் சொந்தக்காரரும்.

குன்றின் மேல் லோப்கோவிட்ஸ் குடும்பத்தின் கோட்டை. சுவர் முழுவதும் சுண்ணப்பூச்சைச் சுரண்டி வரைந்த சித்திரங்கள். அதன் அடிவாரத்தில், சாலையைப் பார்த்தபடி அகலமான ஒரு வீடு. 1841 செப்டம்பர் 8 அன்று ட்வோர்ஷாக் பிறந்தது இங்கே. அப்பா கசாப்புக்கடைக்காரர், மதுக்கடையும் நடத்தினார், ஜிதர் என்ற தந்தி வாத்தியமும் வாசிப்பார். திங்கட்கிழமைகளில் இந்த நாட்டில் பெரும்பாலான அருங்காட்சியகங்கள் திறப்பதில்லை. எனக்கு உள்ளே போவதைவிட வீட்டைச் சுற்றி என்ன கேட்கிறது என்பதுதான் முக்கியம் என்பதால் குறையாகத் தெரியவில்லை. அக்காவுக்குக் கழிப்பறை வேண்டியிருந்தது, அதனால் அவளுக்குக் குறையாகத் தெரிந்தது.

கேட்பதெல்லாம் ரயில்தான். வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே தண்டவாளம். சரக்கு வண்டி ஒன்று போய் முடிப்பதற்குள் இன்னொன்று எதிர்த்திசையில் வருகிறது. இந்தப் பாதை 1850 வாக்கில் வந்தது, அப்போது அவர் சிறுவன். பின்னாளில் பிராக் ரயில் நிலையத்துக்குப் போய் எஞ்சின் எண்களைக் குறித்துக்கொள்வது அவருக்குப் பித்தாகவே இருந்தது. ஒருமுறை போக முடியாமல், மாப்பிள்ளையாகப் போகிற யோசெஃப் சூக்கை அனுப்பினாராம். சூக் எஞ்சினுக்குப் பின்னால் இருந்த கரிப்பெட்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து நிற்க, இப்படிப்பட்டவனையா கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று மகளிடம் கேட்டாராம். இந்தக் கதை அக்காவுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

நாய்க்காரர் எங்கள் பல் தந்தியடிப்பதைப் பார்த்து, அரைகுறை ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார்: இது பங்க்ராட்ஸ், செர்வாட்ஸ், போனிஃபாட்ஸ் என்ற மூன்று ‘உறைந்த மனிதர்’களின் நாட்கள், 12, 13, 14. பதினைந்தாம் தேதி சோஃபியா வந்து இன்னும் கொஞ்சம் நனைப்பாள், பிறகு கோடை. இவர்கள் போகும்வரை யாரும் தக்காளி நாற்றைத் தோட்டத்தில் நடுவதில்லையாம்.

உணவகமும் மூடியிருந்தது. மளிகைக்கடை மட்டும் திறந்திருந்தது. நடத்துவது ஒரு வியட்நாம் குடும்பம். செக் நாட்டில் ஊருக்கு ஊர் இப்படித்தான். கடைக்கார அம்மா, கோப்பை நூடுல்ஸில் எது சைவம் என்று தானே தேடிப் பிடித்து (18 கொருனா), உள்ளே போய் வெந்நீர் ஊற்றிக் கொண்டுவந்தார். பிறகு தன் சாப்பாட்டுக்கு வைத்திருந்த மிளகாய்ச் சட்டினி பாட்டிலையும் கல்லா மேல் வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. ஒன்றரை நாளாகச் சுருங்கியிருந்த அக்காவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

திரும்பும் ரயிலில் இரண்டாவது சிம்பொனியைக் கேட்டேன். நீளம். ஐம்பது நிமிடத்துக்கு மேல் போகிறது, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. 1865இல் எழுதியது. பைண்டு செய்யக்கூட அவரிடம் காசில்லை. நண்பர் மோரிட்ஸ் ஆங்கர் பணம் கொடுத்து பைண்டு செய்து, பிரதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். கையில் கொடுத்தால் எரித்துவிடுவாரோ என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது: தன் இளவயதுப் படைப்புகளில் கணிசமானவற்றை ட்வோர்ஷாக் தானே கிழித்தும் எரித்தும் அழித்திருக்கிறார். 1888இல்தான் அது பிராகில் அரங்கேறியது, எழுதி இருபத்து மூன்று வருடம் கழித்து.

மே 14, செவ்வாய். ஸ்லோனிட்ஸே

போனிஃபாட்ஸ் தன் பங்கைக் குறையில்லாமல் செய்தார். காலையிலிருந்து மழை.

பன்னிரண்டு வயதுப் பையனை 1853இல் இந்தச் சிற்றூருக்கு அனுப்பினார்கள், ஜெர்மன் கற்றுக்கொள்வதற்காக. கிடைத்த ஆசிரியர் அந்தோனின் லீமான், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், முன்கோபி. பையன் ஜெர்மனோடு ஆர்கனும் வயோலாவும் கற்றுக்கொண்டான். ட்வோர்ஷாக் பின்னாளில் எழுதிய ‘யாகோபின்’ ஓபராவில் வரும் பள்ளி ஆசிரியர் பாத்திரத்தில் இந்த லீமானின் சாயல் இருப்பதாகச் சொல்வார்கள்.

முதல் சிம்பொனிக்கு ‘ஸ்லோனிட்ஸேயின் மணிகள்’ என்று பெயர். கையெழுத்துப் பிரதியில் அந்தப் பெயர் இல்லை. அவர் வாய்மொழியாகச் சொன்னதாக மாணவர்கள் வழியே வந்தது. 1865இல், இருபத்து மூன்று வயதில் எழுதி, ஜெர்மனியில் ஒரு போட்டிக்கு அனுப்பினார். பரிசும் வரவில்லை, பிரதியும் திரும்பவில்லை. என்ன செய்தீர்கள் என்று பிற்காலத்தில் மாணவர்கள் கேட்டபோது, உட்கார்ந்து இன்னொன்று எழுதினேன் என்றாராம். 1882இல் லைப்சிக் நகரத்துப் பழைய புத்தகக் கடையில் அந்தப் பிரதி ஒருவர் கையில் சிக்கியது. அவர் பெயரும் ட்வோர்ஷாக், ருடோல்ஃப் ட்வோர்ஷாக், ஆனால் உறவில்லை. வாங்கியவர் யாரிடமும் சொல்லவில்லை. 1904இல் இசைமேதை இறந்தார். 1923இல்தான் பிரதி வெளியே தெரிந்தது, 1936 அக்டோபரில் பிர்னோ நகரத்தில் முதன்முதலாக ஒலித்தது. எழுதியவர் ஒரு சுரத்தைக்கூடக் காதால் கேட்டதில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தேவாலயத்தின் மணி அடித்தது. குடையைப் பிடித்தபடி கோபுரத்தின் கீழ் நின்றோம். சிம்பொனியின் தொடக்கத்தில் ஒலிக்கும் கனத்த அடிகளோடு ஒத்துப்போகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். போகவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் செக் நாட்டுத் தேவாலய மணிகளை ஏராளமாக இறக்கிக்கொண்டு போய் உருக்கினார்கள், எனவே அந்தப் பையன் கேட்ட மணி இதுதானா என்பதே கேள்வி. “அழகாகத்தான் அடிக்கிறது, அதையும் குறை சொல்ல வேண்டுமா?” என்றாள் அக்கா.

பஸ் நிறுத்தத்தில் கால அட்டவணையைப் பார்த்தால், எண்களுக்கு மேல் குறுக்கே வைத்த இரண்டு சுத்தியல், ஒரு சிலுவை, வட்டத்துக்குள் எண்கள். சுத்தியல் என்றால் வேலை நாள், சிலுவை என்றால் ஞாயிறும் விடுமுறையும். எல்லாம் பிடிபட்ட பிறகு, எங்களுக்கான பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்து என்பதும் பிடிபட்டது.

ஊர் மதுக்கடைக்குள் ஒதுங்கினோம். உள்ளே நுழைகிறவர் எல்லாருக்கும் பொதுவாக வணக்கம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். சொன்னோம், தலையசைத்தார்கள், அதோடு எங்களை மறந்துவிட்டார்கள். பூண்டு சூப் 35 கொருனா, அரை லிட்டர் பீர் 32. மேசை மேல் ஒரு துண்டுச் சீட்டு. கோப்பை வர வரக் கடைக்காரர் அதில் பென்சிலால் ஒரு கோடு இழுக்கிறார். கோப்பை காலியானால் கேட்காமலே அடுத்தது வரும். வேண்டாம் என்றால் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்துக் கோப்பையின் மேல் மூடிவிட வேண்டும். பக்கத்து மேசைக்காரர் ஒன்றும் பேசாமல் என் கோப்பையை அட்டையால் மூடிக் காட்டித்தான் இதைக் கற்றுக்கொடுத்தார்.

அவரிடம் ட்வோர்ஷாக் பற்றிக் கேட்டேன். அவரும் ஒன்பதாவதின் அதே மெட்டைத்தான் முணுமுணுத்தார். ஸ்லோனிட்ஸேயில்கூட!

மே 15, புதன். பிராக்

கார்லோவ் பகுதியில், கட்டடங்களுக்கு நடுவே தோட்டத்தோடு ஒரு சின்ன சிவப்பு பரோக் மாளிகை. ‘அமெரிக்கா வில்லா’ என்று பெயர். ட்வோர்ஷாக் குடியிருந்த வீடு அல்ல, ஆனால் அவருடைய அருங்காட்சியகம் இங்கேதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1891இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது போட்டுவிட்ட அங்கி, பியானோ, மூக்குக் கண்ணாடி எல்லாம் இருக்கின்றன. நான் போய் நின்றது வயோலாவின் முன்னால்.

பார்க்க ஒன்றுமில்லை. வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, மங்கிய பழுப்பு மரம். ஆனால் 1862 முதல் 1871 வரை அவருடைய சோறு இதுதான். பிராகின் தற்காலிக நாடக அரங்கத்து இசைக்குழுவில் வயோலாக்காரராக இருந்தார். 1863 பிப்ரவரியில் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரே வந்து தன் படைப்புகளை நடத்தியபோது கீழே உட்கார்ந்து வாசித்தார். பிறகு ஸ்மெடனாவின் கோலுக்குக் கீழே பல வருடம். வயோலாவுக்கு மெட்டு அபூர்வமாகத்தான் கிடைக்கும். மேலே வயலினும் கீழே செல்லோவும் பாட, நடுவே நின்று நிரப்புவதுதான் அதன் வேலை. ஆனால் நடுவே இருப்பவருக்குத்தான் எல்லாம் கேட்கும்.

முதல் நான்கு சிம்பொனிகளைப் பற்றி நிபுணர்கள் சொல்வதெல்லாம் எனக்குத் தெரியும். வாக்னரைக் காப்பியடிக்கிறார், வளவள என்று போகிறார், அளவு தெரியவில்லை. மறுக்கவில்லை. நான்காவதின் இரண்டாம் பகுதியைக் கேட்டால் வாக்னரின் ‘டான்ஹாய்சர்’ ஓபராவில் வரும் யாத்திரிகர்கள் அப்படியே நடந்து வருகிறார்கள். ஆனால் ஒன்பதாவதை நோக்கி ஏறும் படிகளாக மட்டும் இவற்றைக் கேட்பவர்களுக்குத்தான் இது குற்றம். இசைக்குழுவின் நடுவில் வருடக்கணக்கில் உட்கார்ந்து, சுற்றிலும் ஒலித்த எல்லாவற்றின் மேலும் காதல் கொண்ட ஒருவரின் காதுகளாக நினைத்துக் கேளுங்கள். மூன்றாவதைப் பாருங்கள்: மூன்றே பகுதி, ஸ்கெர்ட்சோ என்ற துள்ளல் பகுதி கிடையாது, நடுவில் நீண்ட சவ ஊர்வல நடை. அதன் இடையில் ஹார்ப் நுழைந்து வெளிச்சம் பரவும்போது, மெட்டை விட்டுவிட்டு அதன் அடியில் என்ன ஓடுகிறது என்று பின்தொடர்ந்தால் அங்கே இன்னொரு முழு இசை இருக்கிறது. நான்காவதின் ஸ்கெர்ட்சோவில் திடீரென்று பெரிய முரசும் ஜால்ராவும் முக்கோணமும் கிளம்பி ஒரு கிராமத்து வாத்தியக் கோஷ்டி ஊருக்குள் வருகிறது. வாக்னர் கனவிலும் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

இந்த இரண்டையும் வியன்னாவுக்கு அனுப்பித்தான், வறிய இளம் கலைஞர்களுக்கான அரசு உதவித்தொகையைப் பெற்றார், 400 கில்டர். அப்போது அவர் புனித வோய்த்யேக் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார், கல்யாணமாகி கைக்குழந்தையும் இருந்தது. உதவித்தொகை வந்த 1875ஆம் ஆண்டுக் கோடையில், ஐந்தரை வாரத்தில் ஐந்தாவதை எழுதி முடித்தார். அருங்காட்சியகத்தில் மதிய இடைவேளை வந்து எங்களை வெளியேற்றினார்கள். சோஃபியா சொன்ன சொல் தவறாமல் நனைத்தாள்.

அந்த ஐந்தாவதை இன்று மாலையே கேட்கக் கிடைத்தது. தெருவோரச் சுவரொட்டியில் கண்டுபிடித்தேன்: இசை மாணவர்களின் குழு, சிறிய அரங்கு, டிக்கெட் 150 கொருனா. மிச்சமிருந்தது மேடையின் பக்கவாட்டுப் பால்கனி. அக்கா தூணுக்குப் பின்னால் உட்கார நேர்ந்தது. எனக்கோ வயோலாக்களின் தலைக்கு நேர் மேலே இடம்.

இரண்டு கிளாரினெட்டுகள் காற்றில் அசைவதுபோல் தொடங்கின. இவ்வளவு எளிமையாக அவர் அதுவரை எதையும் தொடங்கியதில்லை. என் கண்ணெல்லாம் கீழே, மூன்றாவது வயோலா ஜோடியின் மேல். ஒரு பையனும் ஒரு பெண்ணும். தாளில் பென்சிலால் வட்டமிட்ட இடங்கள், ஓரிடத்தில் சிவப்பில் மூக்குக் கண்ணாடிப் படம்: இங்கே நிமிர்ந்து நடத்துநரைப் பார் என்று அர்த்தம். பக்கம் முடியும்போது பெண் தொடர்ந்து வாசிக்க, பையன் வில்லை மடியில் சாய்த்துவிட்டு இடது கையால் புரட்டுகிறான். இரண்டாம் பகுதியில் செல்லோக்கள் அந்தச் சோகமான மெட்டை எடுத்தபோது, எங்கள் ஆட்களுக்கு வேலை அதைத் தாங்கிப் பிடிப்பது. பெண் செல்லோக்களின் பக்கம் தலையைச் சாய்த்து, வில்லை அவர்களுடைய மூச்சுக்கு இழுத்தாள். நேர் எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

கடைசிப் பகுதி வேறு ஸ்ருதியில், ஏ மைனரில், கோபத்தோடு தொடங்கி, சொந்த வீடான எஃப் மேஜருக்கு வந்து சேர நெடுநேரம் பிடிவாதம் பிடிக்கிறது. ஹார்ன் ஓரிடத்தில் பிசிறியது. யாரும் கண்டுகொள்ளவில்லை. முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை. அக்கா, “எனக்குத் தூண்தான் தெரிந்தது, ஆனாலும் தூக்கம் வரவில்லை” என்றாள். அவளிடமிருந்து இது பெரிய பாராட்டு.

மே 16, வியாழன். வியன்னா ரயில்

வெயில்! உறைந்த மனிதர்கள் போய்விட்டார்கள். பார்த்தால் ரயிலுக்கு வேறு பிரச்சினை. பிர்னோவுக்கு முன்னால், கடுகுப் பூ மஞ்சளாகப் பரந்து கிடக்கும் வயல் நடுவே வண்டி நின்றுவிட்டது. அறிவிப்பு செக்கில் நீளமாகவும் ஆங்கிலத்தில் “தாமதம்” என்ற அளவிலும் வந்தது. எதிர் இருக்கைப் பெரியவர் செக் பகுதியைச் சுருக்கிச் சொன்னார்: சிக்னல் கோளாறு. தன் பையிலிருந்து பாலாடைக்கட்டி வைத்த கொலாச் என்ற இனிப்பு ரொட்டி இரண்டை எடுத்து எங்களிடம் நீட்டினார். வீட்டில் சுட்டது, ஓரத்தில் வெண்ணெயில் வதக்கிய மாவுத்தூள். பொரித்த சீஸால் நொந்துபோயிருந்த அக்கா வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நின்ற நேரத்தில் அக்காவின் காதில் இயர்போனின் ஒரு பக்கத்தைக் கொடுத்து ஆறாவதின் மூன்றாம் பகுதியைப் போட்டேன். ஃபூரியன்ட் என்ற செக் நாட்டுப்புற நடனம். மேற்கத்திய முறையில் மூன்று மூன்றாக எண்ணினால் கால் தடுக்கும். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ‘தக தக தக தகிட தகிட’ என்று போட்டால் அப்படியே உட்கார்ந்துவிடும். சிறு வயதில் நான்கு வருடம் வீணை படித்த அக்கா, இரண்டாவது சுற்றிலேயே தொடையில் தாளத்தைப் பிடித்துவிட்டாள். பெரியவர் அவள் கையைப் பார்த்துச் சிரித்தார், காதில் ஓடுவது என்னவென்று அவருக்குக் கேட்காமலே தெரிந்துவிட்டது. ஒன்பதாவதின் மெட்டை முணுமுணுக்காத முதல் செக்காரர்.

இந்த ஆறாவது வியன்னாவுக்காகவே எழுதியது. 1880இல் நடத்துநர் ஹான்ஸ் ரிக்டர் கேட்டு, வியன்னா ஃபில்ஹார்மோனிக் வாசிக்கும் என்று சொல்லி, பிறகு ஒத்திப்போட்டுக்கொண்டே போனார்கள். ஒரு புதிய செக்காரரின் படைப்பை அடுத்தடுத்து வாசிக்க இசைக்குழுவுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. 1881 மார்ச்சில் பிராகிலேயே அடால்ஃப் செக் என்ற நடத்துநர் அரங்கேற்றினார். வியன்னா ஃபில்ஹார்மோனிக் அதைத் தொட்டது 1942இல்தான். ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் இரண்டாவது சிம்பொனியின் நிழல் இதில் விழுகிறது என்பார்கள். விழட்டும், அந்த ஃபூரியன்டை பிராம்ஸிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஐம்பது நிமிடத் தாமதத்தோடு வியன்னா. பெட்டிகளை வைத்துவிட்டு நேராக மியூசிக்ஃபெரைன் இசையரங்கக் கட்டடத்துக்குப் போய் வெளியிலிருந்து பார்த்தோம். பக்கத்து இசைக் கடையில் ட்வோர்ஷாக் வரிசையில் ஒன்பதாவது மட்டும் பதினோரு வெவ்வேறு பதிவுகள். ஆறாவது ஒன்றுதான், 9.90 யூரோ. வாங்கினேன். பிறகு காபி. ஒரு மெலாஞ்ச் 5.20 யூரோ, கூடவே வெள்ளித் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர், அதற்குக் காசில்லை. அக்கா ரசீதைப் பார்த்து வாயைத் திறந்தாள், நானூறு ரூபாய் என்று நான் முந்திக்கொண்டேன்.